சாவியைத் தொடும் முன் கையால் இரண்டு சுற்று: வீட்டில் டைமிங் பெல்ட் மாற்றுபவர்களுக்கு

போன மழைக்காலம் முடிந்த கையோடு கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பழைய ஃபார்ச்சூனரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஓனர் விசைப்படகு வைத்திருப்பவர். கடலுக்கு நடுவில் எஞ்சின் மக்கர் செய்தால் தானே பிரித்து மாட்டிக் கரை சேர்ந்த கை அது. அதனால் டைமிங் பெல்ட்டையும் வீட்டு வாசலிலேயே மாற்றியிருக்கிறார். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டையும், வால்வைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் பல் வைத்த பெல்ட் அது.

"அண்ணே, மார்க் எல்லாம் கரெக்டாத்தான் வெச்சேன். ஸ்டார்ட்டும் ஆச்சு. பத்து செகண்ட் ஓடியிருக்கும். டக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்."

கவரைத் திறந்தேன். டென்ஷனரில் குத்திய ஆலன் கீ குத்தியபடியே இருந்தது.

விஷயம் தெரியாதவர்களுக்கு: இந்த வண்டியில் டென்ஷனர் ஹைட்ராலிக். உள்ளே எண்ணெயும் ஸ்பிரிங்கும் சேர்ந்து ஒரு தண்டை வெளியே தள்ளி, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். மாட்டுவதற்கு முன் அந்தத் தண்டை வைஸில் வைத்து மெதுவாக அமுக்கி, ஓட்டையில் மெல்லிய ஆலன் கீயைச் செருகிப் பூட்டுவோம். பெல்ட் ஏறியதும் அதை உருவ வேண்டும். அவர் உருவவில்லை. மார்க் (புல்லிகளை நேர் சேர்க்கும் அடையாளக் கோடு) சரி, பெல்ட் தளர்வு. ஓடிய வேகத்தில் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொண்டன. பெல்ட் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, ஹெட்டை இறக்குவதில் போய் நின்றது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. படகு எஞ்சின்களில் பெரும்பாலும் கியர் டைமிங். பல்லோடு பல் சேர்ந்தால் சேர்ந்ததுதான், தளர்வு என்ற பேச்சே இல்லை. அந்தப் பழக்கம் பெல்ட் எஞ்சினில் காலை வாரிவிட்டது.

ஸ்டார்ட் செய்யும் முன் அவர் கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. அதைத்தான் விரிவாகச் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஒன்று: உங்கள் வண்டியில் இருப்பது பெல்ட்டா, செயினா? மஹிந்திராவின் எம்-ஹாக் எஞ்சின் வைத்த தாரிலும் ஸ்கார்ப்பியோவிலும் செயின். கூர்க்காவிலும் செயின். இவர்களுக்கு இந்தக் கட்டுரையில் வேலை இல்லை. 2009 முதல் 2016 வரை வந்த 3.0 லிட்டர் ஃபார்ச்சூனர், பழைய 2.5 இன்னோவா, டீசல் டஸ்டர், பஜேரோ ஸ்போர்ட் 2.5 எல்லாம் பெல்ட்.

இவற்றில் வீட்டில் கை வைக்கத் தோதானது டொயோட்டாதான். கிராங்க்கிலிருந்து கியர் வழியாக ஒரு புல்லி சுற்றும். அந்தப் புல்லிக்கும் மேலே கேம் புல்லிக்கும் நடுவில் மட்டுமே பெல்ட். கிராங்க் புல்லியைக் கழற்ற வேண்டியதில்லை. பஜேரோ ஸ்போர்ட்டில் டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுக்கென்று இன்னொரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து பெரிய பெல்ட்டுக்குள் சிக்கினால் இரண்டும் காலி. டஸ்டரில் கேமையும் கிராங்க்கையும் பூட்டி நிறுத்தத் தனிப் பின்கள் வேண்டும், வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுகிறது. இந்த இரண்டையும் முதல் முறையாக வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

டொயோட்டா வேலையின் ஓட்டத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஃபேனையும் அதைச் சுற்றியுள்ள ஷ்ரவுடையும் (ஃபேன் கூடு) எடுக்கும் முன் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு தடித்த அட்டையைச் செருகுங்கள். ஸ்பேனர் நழுவி ரேடியேட்டரில் ஓட்டை போட்டவர்கள் ஏராளம், ஒரு காலத்தில் நானும்தான். கிராங்க் புல்லி மார்க்கை 0-வுக்குக் கொண்டுவந்து கேம் புல்லி மார்க்கைப் பாருங்கள். அது சேராவிட்டால் பயப்பட வேண்டாம். கேம் ஒரு முறை சுற்றக் கிராங்க் இரண்டு முறை சுற்றும். இன்னும் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சேர்ந்துவிடும். சேர்ந்ததும் பழைய பெல்ட் இருக்கும்போதே ஒரு போட்டோ. பெல்ட் கழன்ற பிறகு கேமையோ கிராங்க்கையோ தனியாகத் திருப்பவே கூடாது.

புதுப் பெல்ட்டை மடிக்காதீர்கள், உள்வெளியாகத் திருப்பாதீர்கள். ரப்பருக்குள் இருப்பது கண்ணாடி இழை. ஒடிந்தால் வெளியே தெரியாது. பழைய பெல்ட்டில் எண்ணெய் ஈரம் தெரிந்தால், அது எந்த சீலிலிருந்து வருகிறது என்று பார்த்துச் சரி செய்யாமல் புதியதை ஏற்றாதீர்கள். டென்ஷனர் தண்டு கை பலத்துக்கே அமுங்கினாலோ, சுற்றி எண்ணெய் கசிந்திருந்தாலோ அதன் ஆயுள் முடிந்தது. ஐட்லரை (பெல்ட் உருண்டு செல்லும் சின்னச் சக்கரம்) காதருகே வைத்துச் சுழற்றுங்கள். நம் ஊர் உப்புக்காற்றில் பேரிங் சீக்கிரமே கரகரக்கும். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளத்தில் நின்ற வண்டிகள் சிலவற்றில் கவருக்குள் வண்டல் மாவு மாதிரி படிந்திருந்ததைப் பார்த்தேன். அப்படி நின்ற வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கு பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

இனி அந்த இரண்டு சுற்று.

ஆலன் கீயை உருவியாயிற்று, டென்ஷனர் பெல்ட்டை இழுத்துவிட்டது. கிராங்க் போல்ட்டில் நீளமான பாரை மாட்டி, எஞ்சின் ஓடும் திசையிலேயே, முன்னால் நின்று பார்த்தால் கடிகாரம் சுற்றும் பக்கம், மெதுவாகச் சுற்றுங்கள். பின்னோக்கி வேண்டாம். சுற்றும்போது அவ்வப்போது கை இறுகும். அது கம்ப்ரெஷன். அமுக்கிய ஸ்பிரிங் மாதிரி திருப்பித் தள்ளும். பாரை அப்படியே பிடித்துக்கொண்டு சில நொடி நில்லுங்கள். காற்று மெல்லக் கசிந்து இளகும், பார் தானாக நகரும். வால்வு பிஸ்டனில் முட்டினால் இப்படி இருக்காது. இரும்பின் மேல் இரும்பு பட்டது கையில் தெரியும். காத்திருந்தாலும் இளகாது. அங்கேயே நிறுத்துங்கள். கையால் மெதுவாகச் சுற்றும்போது முட்டினால் பெரும்பாலும் வால்வு வளையாமல் தப்பிக்கும். ஸ்டார்ட்டரில் முட்டினால் தப்பாது.

குளோ பிளக்கை (டீசல் எஞ்சின் குளிரில் ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் பிளக்) கழற்றிவிட்டால் சுற்றுவது சுலபம் என்பார்கள். உண்மைதான். ஆனால் பழைய வண்டியில் குளோ பிளக் உடைந்து ஹெட்டுக்குள் நின்றால் அது தனித் தலைவலி. நான் கழற்றுவதில்லை.

இரண்டு முழுச் சுற்று முடிந்ததும் எல்லா மார்க்கும் மறுபடி சேர வேண்டும். அரைப் பல் தள்ளித் தெரிகிறது, கண் ஏமாற்றுகிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். பிரித்து மறுபடி மாட்டுங்கள். மார்க் சேர்ந்தால் பெல்ட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். தொளதொள என்று இருந்தால் டென்ஷனர் வேலை செய்யவில்லை, அல்லது ஆலன் கீ உள்ளேயே இருக்கிறது.

எங்கள் கடையில் அந்த ஆலன் கீயில் ஒரு முழ நீளச் சிவப்புத் துணி கட்டியிருக்கும். லாரியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிக்குக் கட்டுவார்களே, அதே மாதிரி. பையன்கள் கிண்டல் செய்வார்கள். துணி வெளியே தொங்கும்போது கவரை மூட முடியாது, அவ்வளவுதான் கணக்கு.

மீட்டரில் பெல்ட் மாற்றச் சொல்லும் டி-பெல்ட் விளக்கு எரிந்து நீங்கள் மாற்றியிருந்தால், முடித்ததும் அதை ரீசெட் செய்யுங்கள். பழைய வண்டி வாங்குபவர்கள் அந்த விளக்கை நம்ப வேண்டாம். பெல்ட்டை மாற்றாமலேயே விளக்கை மட்டும் ரீசெட் செய்ய முடியும், செய்கிறார்கள். புதுச்சேரி, சென்னை என்று எங்கே வாங்கினாலும், பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் மாற்றும் வண்டிகளில் தேதியையும் கிலோமீட்டரையும் பெயின்ட் மார்க்கரால் கவரின் மேலேயே எழுதிவிடுகிறோம். முதுநகர் வண்டியிலும் எழுதியிருக்கிறோம். அந்தச் சிவப்புத் துணியில் பாதியை ஓனர் கேட்டுக் கிழித்து வாங்கிப் போனார்.