பனிக்காலத்தில் பெரியவர்களை அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள்

ஐப்பசியில் அடைமழை பிடித்தால் மாசி பாதி வரைக்கும் டெல்டாவில் குளிர்தான். தண்ணீர் உறைகிற குளிர் இல்லை. மார்கழி, தை விடியலில் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியசை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் இது ஈரக் குளிர். வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், சுவரில் ஓதம், கொடியில் காயாத துணி, போதாததற்கு வாடைக்காற்று. எழுபது வயதைக் கடந்த உடம்பை வாட்ட இது போதும். வயது ஏற ஏறத் தோலுக்கடியில் கொழுப்பும் தசையும் குறைகின்றன. நடுக்கம் எடுத்துச் சூட்டை உண்டாக்கும் திறனும் மந்தமாகிறது. 'தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்' என்று நம் ஊரில் சொல்வது பெரியவர்களின் முழங்காலுக்கு நன்றாகத் தெரியும்.

இதைப் பார்த்துப் பயந்து பிள்ளைகள் செய்வது என்ன? "வெளியில போகாதீங்கப்பா", "தண்ணியில கை வைக்காதீங்கம்மா", "பேசாம போர்த்திக்கிட்டுப் படுங்க". அன்பில் சொல்வதுதான். ஆனால் அப்படிச் சில வாரம் கிடந்தால் முழங்கால் மடங்க மறுக்கிறது, மலம் சிக்குகிறது, பகலெல்லாம் தூங்கி இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், சோற்றைக் கண்டால் வேண்டாம் என்கிறார்கள். குளிரால் மூட்டுவலி என்று வருகிறவர்களில் பலருக்கு வலியை வளர்த்தது குளிரைவிட அசையாமல் கிடந்ததுதான். முதியவர்களுக்குப் படுக்கையில் தசை வேகமாகக் கரையும். திரும்பச் சேர மாதங்கள் ஆகும். ஆகவே திண்ணையையும் வெயிலையும் வெந்நீரையும் பேச்சுத்துணையையும் அவர்களிடமிருந்து பறிக்காமல், அளவறிந்து கொடுப்பதுதான் பனிக்கால வைத்தியம். அந்த அளவுகள் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

வெயிலிலிருந்து தொடங்குவோம். மார்கழியில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதித்தாலும் பனி விலக ஏழரை, எட்டாகும். எட்டு மணி வெளிச்சம் கண்ணில் படுவது உடம்பின் கடிகாரத்துக்கு நல்லது. அன்றிரவு தூக்கம் ஒழுங்காகும். வைட்டமின் டி வேண்டுமென்றால் அந்த இளவெயில் போதாது. காலை பத்து முதல் பிற்பகல் மூன்று மணிக்குள், முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் தோலில் நேரடியாகப் படும்படி இருபது நிமிடமாவது உட்கார வேண்டும். கண்ணாடி சன்னலுக்குள் உட்கார்ந்தால் சூடு கிடைக்கும், வைட்டமின் கிடைக்காது. அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இன்னொன்று, இந்த மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது. வடக்குப் பார்த்த திண்ணையில் வெயிலே விழாது, வாடைதான் அடிக்கும். அந்த வீடுகளில் நாற்காலியை முற்றத்துக்கோ கொல்லைப் பக்கமோ மாற்றுங்கள். கை வைத்த நாற்காலி, அதன்மேல் மடித்த ஜமுக்காளம், காலுக்குக் கீழே ஒரு மரப்பலகை. சிமெண்ட் தரையில் நேரே பாதம் பட்டால் உடம்புச் சூடு அதன் வழியே இறங்கிக்கொண்டே இருக்கும். வெயிலில் உட்கார்ந்தபடியே முழங்காலை நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்தி, மடக்கட்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை. சூடேறிய மூட்டு எளிதாக அசையும் என்பதால் இதைப் படுக்கையில் விடியலில் செய்வதைவிட இங்கே செய்வது நல்லது.

விடியற்காலை நடைப்பயிற்சியை மட்டும் தள்ளிப் போடச் சொல்வோம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். அதிகாலையில் இயல்பாகவே அழுத்தம் ஏறும் நேரமும் சேர்ந்துகொள்ளும். இதயநோய், இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் எட்டு மணிக்கு மேல் நடந்தால் போதும். மூடுபனியில் அறுவடை வண்டி ஓட்டுபவருக்குச் சாலையோரம் நடப்பவர் தெரிவதில்லை என்பதும் இங்கே உண்மையான ஆபத்து. ஆனால் மார்கழியில் திருப்பள்ளியெழுச்சி கேட்காமல் இருக்க முடியாது என்கிற அப்பாயிக்குத் தடை போடாதீர்கள். காதை மூடிய குல்லா, போர்வை, கிளம்புமுன் ஒரு டம்ளர் வெந்நீர், கூட ஒரு ஆள், கருங்கல் தரையில் உட்கார மடித்த துண்டு. இவ்வளவும் இருந்தால் போய் வரலாம். மூச்சிரைப்போ நெஞ்சுவலியோ உள்ளவர்களுக்கு மட்டும் சாயங்கால வழிபாடு. வீட்டிலேயே நாளொன்றுக்கு ஒரு பாசுரமாகத் திருப்பாவை முப்பதையும் வாய்விட்டுப் பாடச் சொல்லுங்கள். மூச்சை இழுத்துப் பாடுவது நெஞ்சுக்கும் நல்ல பயிற்சி.

குளியலை நிறுத்துவது பெரிய தவறு. அதற்கு ஏற்ற நேரம் பத்து மணிக்கு மேல். தண்ணீர் 37 முதல் 40 டிகிரிக்குள் இருக்கட்டும். வெப்பமானி இல்லாவிட்டால் பராமரிப்பவர் தன் முழங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். இதமாக இருக்க வேண்டும், சுடக்கூடாது. நீரிழிவு உள்ளவர் தன் பாதத்தை வைத்துச் சூடு பார்ப்பது வேண்டவே வேண்டாம், உணர்ச்சி மங்கிய பாதம் வெந்தாலும் சொல்லாது. தலையில் ஊற்றுமுன் கால், இடுப்பு, தோள் என்று மேலே வாருங்கள். துண்டையும் மாற்றுத்துணியையும் முன்பே எடுத்து வைத்து, கொல்லைக் குளியலறையிலிருந்து ஈரத்தோடு நடந்து வராமல் அங்கேயே துவட்டி உடுத்த வேண்டும். தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே, மூன்று நான்கு நிமிடத்துக்குள், கை கால்களில் தேங்காய் எண்ணெய் தடவினால் பனி வெடிப்பும் அரிப்பும் குறையும். நன்றாகக் காய்ந்தபின் தடவும் எண்ணெய் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்காது. விரல் இடுக்கில் எண்ணெய் வேண்டாம், சேற்றுப்புண் வரும். எண்ணெயைத் தரையில் சிந்த விடாதீர்கள், வழுக்கும்.

வெந்நீர் போடும் ஹீட்டர் ராடு பற்றி ஒவ்வோர் ஆண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளாஸ்டிக் வாளியில் மட்டும் போடுங்கள், இரும்பு, அலுமினிய வாளியில் கூடாது. ராடில் குறித்திருக்கும் கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும். முதலில் ராடைத் தண்ணீரில் இறக்கிவிட்டுப் பிறகு சுவிட்ச். சூடு பார்க்க விரலை விடுமுன் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்ச் மட்டும் அணைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பழைய வீடுகளில் வயரிங் மாறியிருந்தால் அணைத்த பிறகும் ராடில் மின்சாரம் இருக்கலாம், அதனால்தான். இந்த வேலையைப் பார்வை மங்கியவர்களிடம் விடவே கூடாது.

படுக்கைக்கு வருவோம். ஓதம் காத்த சுவரிலிருந்து கட்டிலை ஒரு முழம் தள்ளிப் போடுங்கள். தரையில்தான் படுப்பேன் என்பவர்களுக்குக் கோரைப்பாய், அதன்மேல் ஜமுக்காளம், அதன்மேல் இலவம்பஞ்சு மெத்தை. வெயில் கண்ட நாளில் பதினொன்று முதல் இரண்டு மணி வரை மெத்தையை இருபுறமும் காய வைக்க வேண்டும். ஈரம் ஏறிய பஞ்சு கட்டிப் போய்ச் சூட்டைத் தங்க விடாது. கனத்த ஒரு கம்பளியைவிட மெல்லிய இரண்டு போர்வை இதமாக இருக்கும், நடுவில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. உடையிலும் அப்படியே, பனியனுக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கை வைத்த ஸ்வெட்டர். படுக்கும்போது பருத்திச் சாக்ஸ் நல்லது. ஆனால் சாக்ஸோடு டைல்ஸ் தரையில் நடப்பது இடுப்பெலும்பு முறிவுக்கு வழி. அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ் வாங்குங்கள், அல்லது இறங்கும்போது செருப்பு மாட்டிக்கொள்ளக் கட்டிலடியில் வையுங்கள். இரவில் எழுந்தால் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கட்டும். கழிப்பறை கொல்லையில் இருக்கிற வீடுகளில் வழியெல்லாம் பாசி பிடித்திருக்கும். வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேயுங்கள், பாதையில் ஒரு பல்பு எரியட்டும்.

வெந்நீர்ப் பை சுகமான பொருள்தான். கொதிக்கும் நீரை ஊற்றாதீர்கள். முக்கால் பாகம் நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி, மூடி, கவிழ்த்துக் கசிவு பார்த்து, துண்டில் சுற்றிக் கொடுங்கள். இருபது நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும், அதை வைத்துக்கொண்டே தூங்கக் கூடாது. நீரிழிவால் உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு வெந்நீர்ப் பையே வேண்டாம், இரட்டைச் சாக்ஸ் போதும். பைக்கு ரப்பர் வெடிப்பு வந்திருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அறைக்குள் கரி அடுப்போ தணல் சட்டியோ வைப்பது பற்றி அழுத்திச் சொல்கிறோம்: கதவு, சன்னல் சாத்திய அறையில் தணல் வைத்துத் தூங்காதீர்கள். கங்கில் புகை தெரியாது. ஆனால் கார்பன் மோனாக்சைடு வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலைவலி, குமட்டல், அசதி என்று தொடங்கி, தூக்கத்திலேயே உயிர் போகும். பிள்ளை பெற்ற வீட்டு அறைக்கும் இதே எச்சரிக்கைதான். சாம்பிராணி போடுவதென்றால் பெரியவரை வெளியே உட்கார வைத்து, புகை கலைந்த பிறகு உள்ளே அழையுங்கள். போகியன்று விடியலில் பனியும் புகையும் சேர்ந்து தரையோடு நிற்கும். ஆஸ்துமா உள்ளவர்களின் அறைச் சன்னலை அன்று ஒன்பது மணி வரை சாத்தி வையுங்கள். உறிஞ்சும் மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இனி அடுக்களை. குளிரில் தாகம் எடுக்காது, ஆனால் சிறுநீர் அதிகம் போகும். இரவில் எழ வேண்டுமே என்று பயந்து பெரியவர்கள் தண்ணீரையே நிறுத்திவிடுகிறார்கள். விளைவு மலச்சிக்கல், தலைச்சுற்றல், சிறுநீர்த் தொற்று. ஒரு லிட்டர் பிளாஸ்கில் இளஞ்சூட்டு நீர் நிரப்பிப் பக்கத்தில் வையுங்கள். மாலை ஐந்து மணிக்குள் அது காலியாகட்டும். ரசம், மோர், கஞ்சியெல்லாம் தனிக் கணக்கு. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் அந்த அளவையே பின்பற்ற வேண்டும்.

சுக்கு மல்லிக் காப்பிக்குக் கொத்தமல்லி விதை 100 கிராம், சுக்கு 25 கிராம், மிளகு ஒரு தேக்கரண்டி, ஏலக்காய் ஐந்து. மல்லியை வாசம் வரும் வரை மட்டும் வறுங்கள், கருகினால் கசக்கும். சுக்கைத் தோல் சீவித் தட்டிப் போட்டு எல்லாவற்றையும் பொடித்துக்கொள்ளுங்கள். 200 மில்லி தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி பொடி போட்டு முக்கால் பாகமாகச் சுண்டினால் சரியான பதம். நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் போதும், அதற்கு மேல் நெஞ்செரியும். கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் போடாமல் குடிக்கப் பழகலாம். கடையில் வாங்கும் பொடியில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். தினமும் குடித்தால் அது இரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். மழைக்காலத்தில் காய் வாங்கப் போக முடியாமல் வடகம், அப்பளம், ஊறுகாய், கருவாடு என்று தட்டு உப்பால் நிறைவதும் கால் வீக்கத்துக்கு ஒரு காரணம். இவற்றில் ஒரு வேளைக்கு ஒன்று மட்டும் போதும். திருவாதிரைக் களியும் சர்க்கரைப் பொங்கலும் நீரிழிவுக்காரருக்கு முழுவதும் மறுக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்றில் வேண்டாம். காய் நிறைந்த கூட்டோடு சாப்பிட்டு முடிக்கும்போது இரண்டு கரண்டி, அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொண்டு. பண்டிகை நாளில் ஊரே சாப்பிடும்போது வெறும் தட்டோடு உட்கார வைப்பது மருத்துவம் ஆகாது.

கைக்கு வேலை கொடுங்கள். இது மொச்சைக் காலம். ஒரு முறம் பச்சை மொச்சையை வெயிலில் உட்கார்ந்து உரித்தால் விரல் மூட்டுகளுக்கு அரைமணி நேரப் பயிற்சி ஆயிற்று. குழம்பில் தன் பங்கும் இருக்கிறது என்கிற நிறைவும் கிடைக்கும். டிசம்பர் பூத் தொடுப்பது, கீரை ஆய்வது, கோலத்துக்குப் புள்ளிக் கணக்குச் சொல்வது எல்லாம் இப்படித்தான். குனிந்து கோலம் போட வேண்டாம், முக்காலியில் உட்கார்ந்து பேத்திக்குச் சொல்லித் தரட்டும். கை நடுக்கம் இருப்பவர்களுக்கு அரிவாள்மனை வேண்டாம். காது கேட்பவர்களுக்கு வானொலி, கேட்காதவர்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் விருப்பமில்லாமல், சரியாகச் சாப்பிடாமல், 'எனக்கு என்ன இருக்கு' என்று பேசிக்கொண்டிருந்தால் அதை வயசு என்று விடாதீர்கள். மனச்சோர்வு முதுமையில் பெரும்பாலும் உடம்பு வலியாகவே பேசும், மருந்தில் குணமாகும்.

நெஞ்சு இறுக்கம், திடீர் மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் சோர்வு, பேச்சுக் குழறல் எதுவானாலும் கஷாயம் வைத்துப் பார்க்காமல் உடனே 108. காய்ச்சல் இல்லாமலேயே ஒரு பெரியவர் திடீரென்று குழம்பிப் பேசினாலும் நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். இன்ஃபுளுயன்சா தடுப்பூசியை மழை தொடங்குமுன் ஆண்டுதோறும் போட்டுவிடுங்கள்.

மார்கழிக் கடைசியிலோ தையிலோ ஒருநாள் வெளியே அழைத்துப் போங்கள். புஷ்ய பகுள பஞ்சமியன்று, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாளில், திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்தினக் கீர்த்தனை ஐந்தையும் எல்லோரும் சேர்ந்து பாடுவது காலையில். கூட்டத்தில் தரையில் உட்கார வேண்டியிருக்கும் என்பதால் மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போய் ஓரமாகப் போடுங்கள். காலை மாத்திரையைத் தள்ளிப் போடாமல், நீரிழிவு உள்ளவர் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும். பிளாஸ்கில் வெந்நீர், பத்து மணிக்கு மேல் கழற்ற வசதியாக அடுக்கு உடை, சட்டைப் பையில் மருந்துச் சீட்டின் நகலும் வீட்டுத் தொலைபேசி எண்ணும். கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு உட்காருங்கள். அது தெரிந்தால்தான் அவர்கள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்.