பாட்டி சொன்ன வலி எது?

கைகோ வேலைக்கு, அதாவது முதியோர் பராமரிப்புக்கு, ஜப்பான் போகிறவர்களுக்கு மொழி கற்பிக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 என்ற தொடக்க நிலையைத் தேறியவர்கள் எல்லோருக்கும் ‘இத்தாய்’ என்றால் வலி என்று தெரியும். ஆனால் முதியோர் இல்லத்துப் பாட்டி எதைச் சொன்னாலும் பதிவேட்டில் ‘இத்தாய்’ என்றே எழுதிவிடுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை.

வயிற்றுவலியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷிகுஷிகு என்றால் முணுமுணுவென்று விடாமல் இருக்கும் வலி. கிரிகிரி என்றால் சுருட்டிப் பிடிக்கும் கடுமையான வலி. பல் விண்விண்ணென்று தெறித்தால் ஸுகிஸுகி, ஊசியாகச் சுருக்சுருக்கென்று குத்தினால் சிகுசிகு, தோல் காந்தினால் ஹிரிஹிரி. விலாவில் ஒரு பக்கம் மட்டும் சிகுசிகு என்று ஒருவர் சொல்லி, அங்கே கொப்புளமும் தெரிந்தால் அக்கியாக இருக்கலாம். கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்குவது நல்லது. நீங்கள் வெறும் ‘வலி’ என்று எழுதி வைத்தால் அந்த நேரம் வீணாகப் போய்விடும்.

இரட்டைக்கிளவியோடு வளர்ந்த நமக்கு இதெல்லாம் சிரமமே இல்லை. ஆங்கில விளக்கத்தின் வழியாகப் படிக்கும்போதுதான் எல்லாமே ‘பெயின்’ ஆகிவிடுகிறது. தமிழோடு நேராகப் பொருத்திப் படியுங்கள்.

நெஞ்சு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். ‘முனே கா இத்தாய்’ என்பது நெஞ்சுவலி. ‘முனே கா குருஷீ’ என்றால் நெஞ்சை அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது. எதைக் கேட்டாலும் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள், எழுதுவதெல்லாம் அப்புறம்.

வட்டார வழக்கு இன்னொரு சிக்கல். ‘கொவாய்’ என்றால் பாடப்புத்தகத்தில் பயம். ஜப்பானின் வடபகுதிகளான ஹொக்கைதோவிலும் தோஹோக்குவிலும் வயதானவர்கள் அதைச் சொன்னால் பெரும்பாலும் உடம்பு அசதி, முடியவில்லை என்று பொருள். நடு ஜப்பானில் நகோயா நகரத்துப் பக்கம் ‘எராய்’ என்பதும் அப்படித்தான். ஜப்பானியர்களே இதில் தடுமாறுகிறார்கள். 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு வெளியூர் மருத்துவர்களுக்குத் தோஹோக்கு முதியவர்களின் பேச்சு பிடிபடவில்லை. அதற்காகவே அந்த வட்டார ஒலிக்குறிப்புச் சொற்களைத் தொகுத்து 2012-இல் ஒரு கையேடு வெளியிட்டது ஜப்பானின் தேசிய மொழி ஆய்வு நிறுவனம்.

ஆகவே பாட்டி சொன்ன சொல்லை மாற்றாமல், ஹிரகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். புரியாவிட்டாலும் காதில் விழுந்தபடியே எழுதுங்கள், உள்ளூர்ச் செவிலியருக்குப் புரியும். வலிக்கும் இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். ‘இத்சு காரா தெசு கா?’ என்று எப்போதிலிருந்து வலிக்கிறது என்பதையும் கேட்டு, அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.