சிட்னியில் குறைந்துபோன 5 சென்டிமீட்டர்

2000 செப்டம்பர் 21. சிட்னி ஒலிம்பிக்கில் பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் தனிநபர் ஒட்டுமொத்தப் போட்டியின் இறுதிச் சுற்று. தரைப் பயிற்சியை முடித்து முன்னிலையில் இருந்த ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்கினா வால்ட் ஓடுபாதைக்கு வந்தார். ஓடிவந்து, ‘குதிரை’ என்ற கருவியில் கை ஊன்றித் தாண்டுவதுதான் வால்ட். ஓடினார், பலகையை மிதித்தார், குதிரையில் கை ஊன்றி எழும்பினார். பாதம் ஊன்ற வேண்டிய இடத்தில் முழங்கால் பட்டு விழுந்தார். உலகமே தங்கம் அவருக்குத்தான் என்று நினைத்திருந்த நேரம் அது. மனம் உடைந்துபோய் அடுத்த கருவியான இரட்டைக் கம்பிக்குப் போனார். அங்கேயும் கை நழுவிக் கீழே விழுந்தார். உலகிலேயே அந்தக் கம்பியில் அவரை மிஞ்ச ஆளில்லாத காலம்!

அன்று வால்ட்டில் தடுமாறியது அவர் ஒருவர் மட்டும் இல்லை. நன்றாகத் தாண்டக்கூடியவர்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது சுற்றில் தன் முறைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் அலானா ஸ்லேட்டர், குதிரை தாழ்வாகத் தெரிகிறதே என்று சொன்ன பிறகுதான் அளந்து பார்த்தார்கள். 125 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது 120 தான் இருந்தது. அதற்குள் 18 பேர் தாண்டி முடித்திருந்தார்கள்.

ஐந்து சென்டிமீட்டர் என்றால் மூன்று விரல் அகலம். இது உலகத் தரத்தில் இருக்கும் ஒருவரைக் கீழே தள்ளிவிடுமா? தள்ளிவிடும். ஏன் என்று புரிய, ஒரு வால்ட் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அதிகபட்சம் 25 மீட்டர் ஓட்டம். முன்னணிப் பெண் வீராங்கனைகள் வினாடிக்கு 8 மீட்டரை ஒட்டிய வேகத்தில், அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 29 கிலோமீட்டரில், வந்து ஸ்பிரிங்போர்டை மிதிக்கிறார்கள். கால் பலகையில் இருப்பது வினாடியில் பத்தில் ஒரு பங்குதான். அந்தக் கண்ணிமைப்பில் இரண்டு காரியம் நடக்கிறது. பலகையின் சுருள்வில் உடலை மேலே தூக்குகிறது. கால் சட்டென்று நிற்க, மேலுடல் வந்த வேகத்திலேயே முன்னால் போகிறது. ஓடும்போது கல் தடுக்கினால் குப்புற விழுகிறோமே, அதே கதைதான். அந்தக் கவிழ்தல்தான் குட்டிக்கரணத்துக்கு முதலீடு. சுழற்சியின் பெரும்பங்கு இங்கேயே வந்துவிடுகிறது.

அடுத்து கை. தலைகீழாக வரும் உடல், விறைத்த கைகளோடு குதிரையில் மோதுகிறது. முழங்கை மடங்கக் கூடாது, மடங்கினால் விசை அங்கேயே அமுங்கிப் போகும். சரியான கோணத்தில் மோதினால் முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதி மேல்நோக்கிய வேகமாக மாறும். இதைத்தான் பயிற்சியாளர்கள் ‘பிளாக்’ என்கிறார்கள். முன்பக்கமாகக் கை ஊன்றித் தாண்டும் வால்ட்களில் இந்த மோதலுக்கு ஒரு விலையும் உண்டு. உயரம் கிடைக்கும், பலகையில் சேர்த்த சுழற்சியில் கொஞ்சம் போய்விடும். உயரம் அதிகமாக வேண்டும், சுழற்சியும் போகக் கூடாது. வால்ட் பயிற்சியின் பாதி வேலை இந்தப் பேரத்தில்தான் இருக்கிறது.

அப்புறம், கை விட்டாயிற்று. இனி அந்தரம்.

கிணற்றில் கரணம் அடித்துக் குதித்தவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்திருக்கும். விளிம்பை விட்டுக் கால் எழும்பும்போதே சுழற்சி வந்துவிட வேண்டும், நடுவானில் உதைத்து எதுவும் ஆகாது. இயற்பியல் இதைக் கோண உந்தத்தின் அழிவின்மை என்கிறது. பிடித்துத் தள்ள எதுவும் இல்லாத இடத்தில், கையோடு கொண்டுவந்த மொத்தச் சுழற்சியைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. செய்ய முடிந்ததெல்லாம் அதைச் செலவழிக்கும் விதத்தை மாற்றுவதுதான். உடலைப் பந்து போலச் சுருட்டினால் நிறை அச்சுக்கு அருகில் வந்து வேகம் கூடும். காலை நீட்டி இடுப்பில் மட்டும் மடங்கினால் வேகம் குறையும். விறைப்பாக நீட்டிவிட்டால் இன்னும் குறையும். இறங்குவதற்குச் சற்று முன் அவர்கள் உடலை விரிப்பது அழகுக்காக மட்டும் இல்லை, அதுதான் அவர்களுக்கு இருக்கும் ஒரே பிரேக்.

இப்போது சிட்னிக்குத் திரும்புவோம். கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பலகைக்கும் குதிரைக்கும் நடுவே உடல் வினாடிக்கு 450 பாகை வேகத்தில் சுழல்கிறது. கைகள் வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் கீழிறங்கி வருகின்றன. குதிரை 5 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தால் கை படுவது வினாடியில் 50-இல் ஒரு பங்கு தாமதமாகும். அதற்குள் உடல் 9 பாகை கூடுதலாகத் திரும்பிவிடும். தலைகீழாக நிற்கும் உடலுக்கு 9 பாகை என்பது பெரிய சாய்வு. மேலே தள்ள வேண்டிய விசை திசை மாறிப் போகிறது. உயரம் குறைகிறது, உயரம் குறைந்தால் அந்தரத்தில் நேரமும் குறைகிறது. கரணத்துக்கும் திருகலுக்கும் (உடல் பம்பரம் போலத் தன் நெடுக்கு அச்சில் சுற்றுவது) போட்டுவைத்த கணக்கு முடியும் முன்பே தரை வந்துவிடுகிறது. கோர்கினாவின் முழங்கால் பட்டது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

பார்த்துத் திருத்திக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு நேரம் கிடையாது. ஆயிரக்கணக்கான முறை 125-க்குப் பழகிய தோளும் மணிக்கட்டும் அந்த உயரத்தில் ஒரு தளத்தை எதிர்பார்த்துத்தான் விறைக்கின்றன.

குதிரையின் உயரத்தைச் சரிசெய்த பிறகு, விரும்பியவர்கள் மறுபடி தாண்டலாம் என்றார்கள். 5 பேர் தாண்டினார்கள். கோர்கினா தாண்டவில்லை. கம்பியிலும் விழுந்துவிட்ட பிறகு அதனால் அவருக்கு என்ன ஆகப்போகிறது? மூன்று நாள் கழித்து அதே கம்பியின் தனிப்போட்டியில் தங்கம் வென்றார். அந்த நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கும். தன் தவறு என்று நினைத்துக்கொண்டே அவர் கம்பிக்கு நடந்துபோன அந்தச் சில நிமிடங்களை யாராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அந்தக் குதிரை அடுத்த ஆண்டே விடைபெற்றது, ஆனால் காரணம் வேறு. பெண்களுக்கு அதைக் குறுக்காக வைப்பார்கள். ஓடிவரும் திசையில் கை ஊன்ற இருந்த இடம் வெறும் 35 சென்டிமீட்டர். 1980-களில் சோவியத் வீராங்கனை நத்தாலியா யுர்ச்சென்கோ ஒரு புது வழியைக் கொண்டுவந்தார். பலகைக்கு முன்பே கை ஊன்றித் திரும்பி, முதுகுப்புறமாகப் பலகையை மிதித்து, பின்னால் சாய்ந்தபடி குதிரைக்குப் போவது. ஓட்ட வேகம் அருமையாகச் சுழற்சியாக மாறும், ஆனால் போகும் இடத்தைக் கண் கடைசி நொடியில்தான் பார்க்கும். 1988-இல் டோக்கியோவில் அமெரிக்காவின் ஜூலிசா கோமஸுக்கு இந்த வால்ட்டில் கால் பலகையிலிருந்து வழுக்கி, தலை குதிரையில் மோதியது. கழுத்துக்குக் கீழே செயலிழந்து, 1991-இல் இறந்துபோனார். வயது 18. இன்று பலகையைச் சுற்றி வைக்கும் லாட வடிவ மெத்தை, 2001-இல் குதிரைக்குப் பதிலாக வந்த அகலமான டேபிள் இரண்டும் இப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகு வந்தவை. டேபிளின் நீளம் சுமார் 120 சென்டிமீட்டர், அகலம் சுமார் 95. முன்பக்கம் சற்றுச் சாய்ந்திருக்கும். கை தவறினாலும் பிழைக்க இடமுண்டு.

அந்த டேபிளில்தான் 2016-இல் ரியோவில் அகர்தலாவின் தீபா கர்மாகர் புரொடுனோவா செய்தார். ரஷ்யாவின் யெலேனா புரொடுனோவா 1999-இல் செய்துகாட்டிய வால்ட் அது. முன்பக்கமாகக் கை ஊன்றி எழும்பி இரண்டு முன்கரணம். கை விட்டதிலிருந்து கால் ஊன்றும்வரை இரண்டரைச் சுற்று, கிடைக்கும் நேரமோ ஒரு வினாடியை ஒட்டி. மேலே சொன்ன பேரம் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. பிளாக்கில் உயரம் எடுத்தால் சுழற்சி குறையும், சுழற்சியைக் காப்பாற்றினால் உயரம் போதாது. போதாக்குறைக்கு முன்பக்கச் சுழற்சியில் தரை கண்ணுக்குத் தெரிவது மிகத் தாமதமாக. பின்கரணத்தில் தலை முதலில் வந்து தரையைப் பார்த்துவிடும், முன்கரணத்தில் கால்தான் முன்னால் வரும். கண நேரம் முன்னே பின்னே ஆனாலும் தலையில் இறங்கும் ஆபத்து உண்டு. தீபா ஆழமாகக் குந்தியபடி, இடுப்பு தரையைத் தொட்டுவிடுமோ என்ற அளவில் இறங்கி, எழுந்து நின்றார். இரண்டு வால்ட்டுக்கும் சேர்த்துச் சராசரி 15.066. வெண்கலத்துக்கு 0.150 குறைவு. நான்காவது இடம். பதக்கத்துக்கு இணையாக அந்த நான்காம் இடத்தை நான் மதிக்கிறேன்.

இதுவரை சொன்னதெல்லாம் உடலின் கணக்கு. மூளையின் கணக்கு 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெளியே தெரிந்தது. அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ் அன்று செய்யப் போனது யுர்ச்சென்கோ பாணியில் இரண்டரைத் திருகல், சிட்னியில் ஆடிய ருமேனியாவின் சிமோனா அமனார் பெயரில் வழங்கும் வால்ட். ஒன்றரைத் திருகலில் உடலை விரித்துவிட்டார். இறங்கும்போது ஒரு பெரிய எட்டு முன்னால் வைத்துத்தான் நிற்க முடிந்தது.

திருகும்போது நாம் எங்கே இருக்கிறோம் என்பதை உள்காதிலுள்ள மூன்று அரைவட்டக் குழாய்களின் திரவமும், கண்ணில் படும் ஒரு துண்டுக் காட்சியும், தசைகளும் மூளைக்குச் சொல்கின்றன. அதை உணர்ந்து, யோசித்து, திருத்த வினாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். வினாடிக்கு 900 பாகையில் சுற்றும் உடல் அதற்குள் அரைவட்டம் போயிருக்கும். அதனால் யோசித்துத் திருத்துவது நடக்காத காரியம். பல ஆண்டுப் பயிற்சியில் சிறுமூளை முன்கூட்டியே ஒரு கணிப்பைத் தயாரித்து வைத்திருக்கும். உடல் அதன்படி ஓடும், வரும் தகவல் கணிப்போடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் சரிபார்க்கும். அந்த இணைப்பு அறுந்துபோனால் எத்தனை சுற்று ஆயிற்று, தரை எந்தப் பக்கம் என்றே தெரியாது. வீரர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘ட்விஸ்டீஸ்’. மன உறுதி இருந்தால் சமாளித்திருக்கலாம் என்று அன்று பலர் எழுதினார்கள். மூன்று மீட்டர் உயரத்தில் தலைகீழாகத் திசை தெரியாமல் இருப்பவருக்கு உறுதி எந்தப் பக்கம் உதவும்? அந்த வால்ட்டுக்குப் பிறகு பைல்ஸ் போட்டியிலிருந்து விலகியது மிகச் சரி.

2024 ஆகஸ்ட் 3, பாரிஸ், வால்ட் இறுதி. பைல்ஸ் முதலில் எடுத்தது தன் பெயரிலேயே வழங்கும் வால்ட்: யுர்ச்சென்கோ பாணியில் ஏறி, காலை நீட்டி இடுப்பில் மடங்கி இரண்டு பின்கரணம். சுருண்டுகொள்ளாததால் சுழற்சி மெதுவாகும், அதை ஈடுகட்ட உயரம் வேண்டும். டேபிளில் கை பட்டதும் அந்த உயரம் கிடைத்தது. இரண்டு சுற்று, ஒரு சின்னத் துள்ளல், நின்றார். 15.700.