12 வோல்ட், 1.2 வோல்ட் ஆகும் இடம்

"கேமிங் கணினிக்கு ப்ராசசரையும் கிராபிக்ஸ் கார்டையும் முடிவு செய்துவிட்டேன். மதர்போர்டில் மட்டும் செலவைக் குறைத்தால் ஆட்டத்தின் வேகம் குறையுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முதல் கால் மணி நேரம் எந்த வித்தியாசமும் தெரியாது. அதற்குப் பிறகு தெரியலாம்.

மற்ற பாகங்களைப் பற்றிச் சுருக்கமாக: 1080பி திரையில் நொடிக்கு அதிக ஃப்ரேம் (திரையில் வரும் படங்கள்) வேண்டுமென்றால் சுமை ப்ராசசர் பக்கம் சாயும், 4கே என்றால் கிராபிக்ஸ் கார்டு பக்கம். ராம் 32 ஜிபி போதும், ஆனால் ஒற்றைக் குச்சியாக வேண்டாம். 16 ஜிபி வீதம் இரண்டு. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பெரும்பாலும் ப்ராசசரிலிருந்து எண்ணி 2-வதிலும் 4-வதிலும் செருக வேண்டும். பயாஸில் (மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ எனும் ராம் வேக அமைப்பை இயக்காவிட்டால் ராம் அதன் முழு வேகத்தில் ஓடாது. இனி மதர்போர்டு.

பவர் சப்ளை தருவது 12 வோல்ட். ப்ராசசரின் கோர்கள் கேட்பதோ சுமார் 1.2 வோல்ட். 120 வாட் எடுக்கும் ப்ராசசருக்கு அந்த வோல்ட்டில் 100 ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். அதைப் பவர் சப்ளையிலிருந்தே 1.2 வோல்ட்டாக அனுப்பினால் என்ன? வயரின் மின்தடை வெறும் 5 மில்லி ஓம் என்று வைத்தாலும் வழியிலேயே 50 வாட் வெப்பமாகப் போய்விடும். அதே திறனை 12 வோல்ட், 10 ஆம்பியராக அனுப்பினால் இழப்பு அரை வாட்தான். ஊருக்கு மின்சாரத்தை உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து வீட்டருகே குறைப்பதும் இதே கணக்குதான். அதனால் கடைசி இரண்டு அங்குலத்தில், ப்ராசசர் சாக்கெட்டை ஒட்டியே, வோல்ட்டைக் குறைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் சுற்றுக்குப் பெயர் விஆர்எம்.

மின்தடையைக் குறுக்கே வைத்துக் குறைக்க முடியாது. மிச்சமாகும் 10.8 வோல்ட்டை 100 ஆம்பியரில் எரித்தால் 1,080 வாட் வெப்பம். அது ஒரு அறை ஹீட்டர். விஆர்எம் செய்வது வேறு. மாஸ்ஃபெட் எனும் மின்னணு சுவிட்ச் 12 வோல்ட்டை முழுதாகத் திறந்துவிடுகிறது, உடனே மூடிவிடுகிறது. நொடிக்கு 5 லட்சம் முறை என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றுக்கு 2 மைக்ரோ நொடி. அதில் திறந்திருப்பது பத்தில் ஒரு பங்கு, 0.2 மைக்ரோ நொடி மட்டுமே. சராசரி 1.2 வோல்ட்.

ஆனால் இப்படி வெட்டி வெட்டி வருவதை ப்ராசசர் தாங்காது. இங்கேதான் சோக் எனப்படும் கம்பிச்சுருள் வருகிறது. சாக்கெட்டைச் சுற்றி வரிசையாக நிற்கும் சாம்பல் நிறச் சதுரக் கட்டிகள் அவைதான். தையல் மெஷினின் மிதியை விட்டு விட்டு மிதித்தாலும் சக்கரம் ஒரே சீராகச் சுழல்கிறதே, அதைப் போன்றது சோக்: தன் வழியே ஓடும் மின்னோட்டம் சட்டென்று மாறுவதை அது விடாது. மேல் மாஸ்ஃபெட் மூடியதும் கீழ் மாஸ்ஃபெட் திறந்து தரையோடு பாதையை இணைக்கிறது. காந்தப்புலத்தில் சேர்த்து வைத்ததைக் கொண்டு சோக் மின்னோட்டத்தைத் தொடர்ந்து தள்ளுகிறது. மிச்சமுள்ள சிறு ஏற்ற இறக்கத்தை கெப்பாசிட்டர்கள் விழுங்கிவிடுகின்றன.

ஒரே ஜோடி மாஸ்ஃபெட் 100 ஆம்பியரைச் சுமந்தால் வெந்துபோகும். ஒரு ஜோடி மாஸ்ஃபெட்டும் அதன் சோக்கும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். எட்டு ஃபேஸ்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் 12.5 ஆம்பியர். மின்தடை இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் மொத்த இழப்பே எட்டில் ஒரு பங்காகிறது. அதைவிட அழகு, அவை ஒன்றாகத் திறப்பதில்லை, 0.25 மைக்ரோ நொடி இடைவெளியில் முறை வைத்துத் திறக்கின்றன. ஒன்று மூடி 0.05 மைக்ரோ நொடிக்குள் அடுத்தது திறந்துவிடும். ஒன்றின் ஏற்றம் இன்னொன்றின் இறக்கத்தைச் சமன் செய்கிறது.

அதற்காக ஃபேஸ் எண்ணிக்கையையே நம்பி வாங்குவது சாதகக் கட்டம் பார்ப்பது போலத்தான். பெட்டியில் "14+2+1" என்று இருந்தால் கோர்களுக்குப் போவது முதல் எண் மட்டும். அதுவும், ஃபேஸ்களைத் திறந்து மூடச் சொல்லும் கன்ட்ரோலர் சிப்பின் ஏழு சிக்னலை இரட்டிப்பாக்கியதாக இருக்கலாம். ஒவ்வொரு ஃபேஸும் எத்தனை ஆம்பியர் தாங்கும், மேலே ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகக் கட்டி) உண்டா என்று பாருங்கள். எந்தச் சுமையில் எத்தனை டிகிரி வரும் என்பதைத் தயாரிப்பாளர்கள் பெட்டியிலேயே அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாங்குபவருக்கு மெய்யாகவே உதவும் எண் அதுதான்.

ரைசன் 5 7600-இன் உச்ச வரம்பு 88 வாட். எளிய போர்டு தாராளமாகப் போதும். கோர் ஐ9-14900கே 253 வாட் வரை போகும், அதாவது 200 ஆம்பியருக்கு மேல். அதை ஹீட்சிங்க் இல்லாத போர்டில் மாட்டினால்தான் வாசகர் பயந்தது நடக்கும்: விஆர்எம் 100 டிகிரியைத் தாண்டும், போர்டு தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசசரின் வேகத்தை இறக்கும், ஆட்டம் திக்கும். ப்ராசசரோ 65 டிகிரியில் நிம்மதியாக இருப்பதாகக் காட்டும். பலரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகிப்பது இந்தக் கட்டத்தில்தான். வெப்பம் காட்டும் மென்பொருளில் 'விஆர்எம்' அல்லது 'மாஸ்' என்ற வரியைத் தேடுங்கள். லிக்விட் கூலர் போட்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சாதாரண கூலரின் விசிறிக்காற்று போகிற போக்கில் விஆர்எம்-ஐயும் குளிர்விக்கும், லிக்விட் கூலரில் அந்தக் காற்று இல்லை. கேபினட்டின் பின்பக்கம் ஒரு விசிறி வையுங்கள்.

இணைப்பில் ஒரு தவறு விலை உயர்ந்தது. மாடுலர் (வயர்களைக் கழற்றி மாட்டக்கூடிய) பவர் சப்ளையின் வயர்களை வேறொரு பவர் சப்ளையில் செருகாதீர்கள், பொருந்தினாலும்கூட. பாகத்தை இணைக்கும் முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்க முனையை ஒவ்வொருவரும் தம் விருப்பப்படி அமைக்கிறார்கள். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போனால் எஸ்எஸ்டி அந்த நொடியே போய்விடும்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே விஆர்எம் உண்டு. ஆட்டத்தின் மெனு திரையில் ஃப்ரேம் நொடிக்கு ஆயிரத்தைத் தாண்டும்போது மெல்லிய கீச்சொலி கேட்டால், அது சோக் அதிரும் சத்தம். ஃப்ரேம் எண்ணிக்கையின் தாளத்தில் மின்னோட்டம் ஏறி இறங்குவதால், அதிர்வு நம் காதுக்கு எட்டும் எல்லைக்குள் விழுகிறது. பழுதல்ல, மானிட்டரின் வேகத்துக்கு ஃப்ரேமை வரம்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.