தாஹியா கோட்பாடு: சொல்லும் பொருளும் தமிழும்

காஸா, லெபனான் போர்ச் செய்திகளில் 'தாஹியா கோட்பாடு' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் விளக்கம் ஏதும் இல்லாமல்தான் வருகிறது. படிப்பவர்களில் பலர் அதை ஏதோ ஒரு தளபதியின் பெயர் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் தொடர் குறிப்பது இஸ்ரேலியப் படையின் ஒரு போர்முறையை; தாஹியா என்பதோ லெபனான் தலைநகர் பெய்ரூத்தை ஒட்டி லட்சக்கணக்கானவர்கள் குடியிருக்கும் ஓர் இடம். அந்த இடத்துக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் தொடரின் பொருள் விளங்கும்.

அரபியில் இச்சொல் 'ளாத்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. தமிழ் முஸ்லிம்கள் இந்த எழுத்தை ள, ழ, ல என்று ஒலிப்பது நெடுநாள் வழக்கம். ரமளான், ரமழான், ரமலான் என்ற மூன்று வடிவங்களும் அப்படி வந்தவையே. அந்த வழக்கப்படி இதை 'ளாஹியா' என்றுதான் எழுத வேண்டும். ஹீப்ரு, ஆங்கிலச் செய்திகளின் வழியே வந்ததால் 'தாஹியா' என்று நின்றுவிட்டது. வேர்ச்சொல்லுக்கு வெயில் படும்படி வெளிப்பட்டிருத்தல் என்பது பொருள். வெயில் ஏறிய முற்பகலில் தொழும் 'ளுஹா' தொழுகையின் பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். நகரின் நெருக்கத்துக்கு வெளியே திறந்த பக்கமாக இருக்கும் பகுதி ளாஹியா; நம் வழக்கில் புறநகர்.

பெய்ரூத்தைச் சுற்றிப் புறநகர்கள் பல உண்டு. ஆனால் லெபனானில் யாராவது அடைமொழி இல்லாமல் 'தாஹியா' என்றால் அது தெற்குப் புறநகர்தான். ஹாரத் ஹுரைக், பிர் அல்-அபெத், குபைரி, புர்ஜ் அல்-பராஜ்னா ஆகியவை அதன் பகுதிகள். பிழைப்புத் தேடியும், உள்நாட்டுப் போரிலும் இஸ்ரேலியப் படையெடுப்புகளிலும் வீடிழந்தும், தெற்கு லெபனானிலிருந்தும் பெக்கா பள்ளத்தாக்கிலிருந்தும் வந்த ஷியா மக்கள் இங்கே குடியேறினார்கள். 1948-இல் துரத்தப்பட்ட பாலஸ்தீனர்களின் முகாம் ஒன்றும் இங்கே இருக்கிறது. லெபனானின் ஷியா ஆயுத அமைப்பான ஹிஸ்புல்லாவின் தலைமையகம் ஹாரத் ஹுரைக்கில், அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே இருந்தது.

2006 ஜூலை 12-இல் ஹிஸ்புல்லா எல்லை தாண்டி இஸ்ரேலிய வீரர்கள் இருவரைப் பிடித்துச் சென்றது. தொடர்ந்த போர் ஆகஸ்ட் 14 வரை நீடித்தது. லெபனானில் 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலோர் பொதுமக்கள். இஸ்ரேலியர் சுமார் 160 பேர் இறந்தார்கள். அவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் பொதுமக்கள். தாஹியாவில் தெருத் தெருவாகக் கட்டடங்கள் தரைமட்டமாயின.

இடப்பெயர் போர்முறையின் பெயரானது இரண்டு ஆண்டுகள் கழித்து. 2008 அக்டோபரில், இஸ்ரேலின் வடக்குப் படைத் தலைவராக இருந்த காடி ஐசன்கோட் ஒரு நாளேட்டுப் பேட்டியில் வெளிப்படையாகவே சொன்னது இது: இஸ்ரேல் மீது எந்தக் கிராமத்திலிருந்து சுட்டாலும் 2006-இல் தாஹியாவுக்கு நடந்ததே அதற்கும் நடக்கும். அளவுமீறிய பலத்தைப் பயன்படுத்திப் பேரழிவை உண்டாக்குவோம். எங்கள் பார்வையில் அவை ஊர்கள் அல்ல, ராணுவத் தளங்கள். இது யோசனை அல்ல, ஒப்புதல் பெற்ற திட்டம் என்றும் சேர்த்துச் சொன்னார். அதே மாதம் காபி சிபோனி என்ற முன்னாள் ராணுவ அதிகாரி, டெல் அவிவ் ஆய்வு நிறுவனம் ஒன்றின் வெளியீட்டில் இதையே விரித்து எழுதினார். எதிரியின் செயலுக்கும் அவனால் வரும் ஆபத்துக்கும் பொருந்தாத பலத்தால் அடிக்க வேண்டும், மறுபடி கட்டியெழுப்ப நெடுங்காலமும் பெரும்பணமும் பிடிக்கும் அளவுக்குச் சேதம் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம்.

இப்படி அளவுமீறிய பலத்தைக் குறிக்க வரும் 'விகிதாசாரமற்ற' (disproportionate) என்ற சொல்தான் நம் செய்திகளில் குழப்பம் உண்டாக்குகிறது. அவன் பத்து ராக்கெட் விட்டால் நாமும் பத்துதான் விட வேண்டும் என்று எந்தப் போர்ச் சட்டமும் சொல்லவில்லை. சட்டம் எடைபோடுவது வேறு. ஒரு தாக்குதலால் கிடைக்கும் என்று எதிர்பார்க்கும் நேரடி ராணுவப் பயனோடு ஒப்பிட்டால், பொதுமக்களுக்கு நேரக்கூடிய இழப்பு மிகையா என்பதே கேள்வி. ஜெனீவா ஒப்பந்தங்களின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறையின் 51-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. இஸ்ரேல் அந்த நெறிமுறையில் சேரவில்லை. ஆனாலும் இந்த விதி எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகக் கருதப்படுகிறது. ஓர் ஊருக்குள் தனித்தனியாக இருக்கும் ராணுவ இலக்குகளைச் சேர்த்து ஊர் முழுவதையும் ஒரே இலக்காக நடத்துவதையும் அதே பிரிவு தடை செய்கிறது. 'ஊர்கள் அல்ல, ராணுவத் தளங்கள்' என்ற வாக்கியம் மோதுவது இந்த விதியோடுதான். ஒரு வீட்டில் ஆயுதம் பதுக்கினால் அந்த வீடு இலக்காகலாம். பக்கத்து வீட்டுக் குழந்தை அதனால் இலக்காகிவிடாது.

2008 டிசம்பர் 27 முதல் 2009 ஜனவரி 18 வரை காஸாவில் நடந்த தாக்குதலில் சுமார் 1,400 பாலஸ்தீனர்கள் இறந்தார்கள். இஸ்ரேல் தரப்பில் 13 பேர். நீதிபதி ரிச்சர்ட் கோல்ட்ஸ்டோன் தலைமையிலான ஐ.நா. குழு, தாஹியா கோட்பாடு சொன்னதே காஸாவில் நடந்ததாகத் தெரிகிறது என்று எழுதியது. பொதுமக்களை வேண்டுமென்றே குறிவைத்தார்கள் என்ற முடிவிலிருந்து கோல்ட்ஸ்டோன் 2011-இல் பின்வாங்கினார். குழுவின் மற்ற மூவரும் அறிக்கையில் உறுதியாக நின்றார்கள். இஸ்ரேல் அரசு அறிக்கையை ஏற்கவில்லை. தான் ராணுவ இலக்குகளையே தாக்குவதாகவும், ஹமாஸ் மக்களுக்குள் மறைந்துகொள்வதாகவும் சொல்கிறது.

2023 அக்டோபர் 7-இல் ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். 251 பேர் பிணையாகக் கடத்தப்பட்டார்கள். மூன்று நாள் கழித்து இஸ்ரேலிய ராணுவச் செய்தித் தொடர்பாளர், இப்போது அழுத்தம் துல்லியத்தின் மீது அல்ல, சேதத்தின் மீது என்றார். காஸா சுகாதார அமைச்சகத்தின் கணக்கில் இறந்தோர் எண்ணிக்கை 2025 ஜூலை இறுதியில் 60,000-ஐத் தாண்டியது. 2024 செப்டம்பர் 27-இல் ஹிஸ்புல்லா தலைவர் ஹசன் நஸ்ரல்லாவைக் கொல்லக் குடியிருப்புக் கட்டடங்கள் பலவற்றைத் தகர்த்த குண்டுகள் விழுந்ததும் தாஹியாவில்தான்.

இனி தமிழ். 'புறநகர்க் கோட்பாடு' என்று பெயர்த்தால் நகரமைப்புத் துறைச் சொல் போல் ஒலிக்கும். 'விகிதாசாரமற்ற பதிலடிக் கொள்கை' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 'பதிலடி' என்றதுமே நியாயம் பாதி ஒப்புக்கொள்ளப்பட்டதாகிறது; அடிவாங்குபவர் அடித்தவராக இருந்தால்தானே அது பதிலடி? படையெடுப்பைப் பாடும் பழைய வஞ்சித் திணையில் பகைவர் நாட்டைத் தீக்கிரையாக்குவதை 'எரிபரந்தெடுத்தல்' என்றார்கள். செயல் அளவில் நெருக்கமான சொல்தான். ஆனால் அது வேந்தன் புகழ் பாடும் துறை. எரிந்த வீட்டுக்காரரின் பக்கம் நிற்காது. 'கோட்பாடு' என்பதும் தத்துவங்களுக்கு உரிய கனமான சொல். இப்படித்தான் போரிடுவோம் என்று ஒரு படை முன்கூட்டியே வகுத்துக்கொள்வதற்குப் 'போர்முறை' போதும்.

என் பரிந்துரை 'குடியிருப்பழிப்புப் போர்முறை'. முதல் இடத்தில் 'தாஹியா எனப்படும் குடியிருப்பழிப்புப் போர்முறை' என்று எழுதிவிட்டுப் பிறகு தமிழ்த் தொடரை மட்டும் ஆளலாம். வீட்டுவசதி உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக 2020-இல் பொறுப்பேற்ற பாலகிருஷ்ணன் ராஜகோபால், தனிக் குற்றமாக அறிவிக்கக் கோரிய 'டொமிசைடு' இதற்கு உறவுச்சொல். அது வீடுகளைப் பெருமளவில் அழிக்கும் குற்றத்தைக் குறிக்கும். அதற்கு 'வீடழிப்பு' பொருந்தும். நாம் பேசுவது அந்த அழிவையே மிரட்டலாக்கும் திட்டத்தை.

பொதுமக்கள் இறக்கும் எல்லாத் தாக்குதலுக்கும் இத்தொடரைப் போடக் கூடாது. 2006-இல் ஹிஸ்புல்லா ஹைஃபா மீதும் வட இஸ்ரேலிய ஊர்கள் மீதும் ஏவிய ராக்கெட்டுகளும் போர்ச் சட்டத்தை மீறியவையே. அவற்றுக்கு உரிய சொல் 'இலக்குப் பிரிக்காத தாக்குதல்'.