முதலில் வடிகால் சல்லடையைப் பாருங்கள்

ஒரு நிலையத்தில் சைக்கிளை எடுத்து இன்னொரு நிலையத்தில் விடும் பொதுச் சைக்கிள் திட்டம் என்று கூட்டம் போட்டால், முதலில் பேசுவது சைக்கிளின் நிறம், அப்புறம் செல்போன் ஆப். நான் கேட்பது வேறு: அந்தத் தெருவில் மழைநீர் வடிகால் சல்லடையின் கம்பிகள் எந்தத் திசையில் இருக்கின்றன? வண்டி போகிற திசையிலேயே இருந்தால் சைக்கிள் டயர் இடுக்கில் இறங்கிவிடும், ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். குறுக்காகத் திருப்பிப் போட்டால் போதும், பெரிய செலவில்லை. ஆனாலும் வேலை முடிந்த தெருக்களில் தவறாகக் கிடப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

என் கையாலும் தவறு நடந்திருக்கிறது. ஒரு நகராட்சிக்கு இந்தத் திட்டத்தை வரைந்தபோது, 24 சைக்கிள் நிற்கும்படி ஒரே பெரிய நிலையமாக வைத்தேன். இடம் கிடைத்தது பேருந்து நிலையத்துக்குப் பின்புறம். பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் அதற்காகச் சுற்றிப் போகவில்லை. மூன்றே மாதத்தில் சீட்டெல்லாம் தூசி. எட்டு எட்டாகப் பிரித்து மூன்று தெருமுனைகளில் வைத்திருக்க வேண்டும்.

பாரிஸில் 2007 ஜூலையில் வெலிப் என்ற பொதுச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது, ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு நிலையம் என்று கணக்கு வைத்தார்கள். எங்கே நின்றாலும் இரண்டு மூன்று நிமிட நடையில் ஒன்று கிடைக்கும். பல இடங்களில் நடைபாதையைத் தொடாமல் கார் நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. மோன்மார்த்ர் மாதிரி மேட்டுப் பகுதியிலிருந்து சைக்கிளில் இறங்கிப் போகிறவர்கள், திரும்பி வருவது மெட்ரோவில். மேலே நிலையம் காலி, கீழே விட இடமில்லை. மேட்டில் சைக்கிளைக் கொண்டு வந்து விடுபவருக்கு 15 நிமிடம் கூடுதல் இலவசம் என்று அறிவித்தார்கள். அப்படியும் சைக்கிள்களை வேனில் ஏற்றி இடம் மாற்றும் வேலை ஓயவில்லை.

சென்னையில் மேடு பெரிய பிரச்சினை இல்லை, டூவீலர்தான் பிரச்சினை. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்ற கொள்கையை மாநகராட்சி 2014-லேயே ஏற்றுக்கொண்டது. ஆனால் வெறும் பெயின்ட் கோடு போட்ட சைக்கிள் பாதை ஒரே வாரத்தில் பார்க்கிங் ஆகிவிடும். சரி, நுழைவாயிலில் கம்பம் நடலாமா? சக்கர நாற்காலி போக 90 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியில் ஸ்கூட்டரும் தாராளமாக நுழையும். இதற்கு வரைபடத்தில் விடை கிடையாது. பாதை திறந்த முதல் சில மாதங்களுக்கு ஆள் நிறுத்துவதற்கான சம்பளத்தை இப்போதெல்லாம் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிடுகிறேன். ஒப்புதலுக்குப் போனால் முதலில் வெட்டுப்படுவதும் அந்த வரிதான்.