தோட்டத்துக் கணினிக்கு வீட்டில் திரை

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வாழைத் தோட்டம். அங்கே மோட்டார் ரூமில், ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேலே, ஏடிஎம் கார்டு அளவில் ராஸ்பெரி பை என்ற ஒரு குட்டிக் கணினி மண்ணின் ஈரத்தைக் குறித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மானிட்டரும் கிடையாது, கீபோர்டும் கிடையாது. ஆனால் அதே வைஃபையில் இருக்கும் லேப்டாப்பில் அதன் டெஸ்க்டாப் அப்படியே விரிகிறது.

இதைச் செய்வது வி.என்.சி. என்ற முறை. 1990களில் கேம்பிரிட்ஜில் ஓர் ஆய்வகத்தில் உருவானது. 2012இல் வந்த ராஸ்பெரி பையும் அதே ஊர்ப் பிள்ளைதான். பையில் திரையை அனுப்பும் சர்வர், லேப்டாப்பில் அதைக் காட்டும் வியூவர் என இரண்டே மென்பொருள்.

பையிலிருந்து வீடியோ ஓடி வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் அது கட்டுப்படியாகாது. 1920×1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படமே சுமார் 83 லட்சம் பைட். நொடிக்கு 30 படம் அனுப்ப 2 ஜிகாபிட் வேகம் வேண்டும். மோட்டார் ரூம் வைஃபைக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா?

நடப்பது வேறு. “போன தடவைக்குப் பிறகு என்ன மாறியது?” என்று வியூவர் கேட்கிறது. மாறிய இடங்களை மட்டும் சிறு சிறு செவ்வகங்களாகச் சர்வர் வெட்டி அனுப்புகிறது. கடிகாரத்தில் நிமிடம் மாறினால் அந்த மூலை மட்டும் வரும். ஒரு ஜன்னலை இழுத்து நகர்த்தினாலோ, அந்த ஜன்னலின் படம் மறுபடி வர வேண்டியதில்லை; “உன்னிடம் இருப்பதை இங்கிருந்து எடுத்து அங்கே ஒட்டிக்கொள்” என்ற தகவல் போதும். லைன் மந்தமானால் வியூவர் கேட்பதும் மெதுவாகும். இடைப்பட்ட மாற்றங்கள் சேர்ந்து ஒரே தடவையில் வரும். படம் தத்தித் தத்தி வருவது அதனால்தான். எதிர்த்திசையில் சுமையே இல்லை: மவுஸ் அசைவுக்கு 6 பைட், கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தியதைச் சொல்ல 8 பைட்.

ஆகவே பையின் டெஸ்க்டாப்பில் குற்றால அருவிப் படத்தை ஒட்டாதீர்கள். ஒரே நிறப் பின்னணி நன்றாகச் சுருங்கும், அருவி சுருங்காது. வீடியோ ஓட்டுவதை மறந்தே விடலாம். ஈர அளவுக் கோப்பை மட்டும் பார்க்க என்றால், என்னைக் கேட்டால், டெஸ்க்டாப்பே தேவையில்லை. வெறும் எழுத்தாக வேலை செய்யும் எஸ்.எஸ்.எச். போதும்.

பாளையங்கோட்டையிலிருந்து பார்க்க வேண்டும் என்னும்போதுதான் சிக்கல். தோட்டத்தில் சிம் போட்ட ரவுட்டர் என்றால், பெரும்பாலும் இணையத்தில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பங்கிட்டுக்கொண்டிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு உங்கள் ரவுட்டரைத் தனியாகத் தெரியாது. அதனால் பையே வெளியே போய் ஒரு நடுச் சர்வரைத் தொட்டுக்கொள்ள வேண்டும். இணையத்துக்குள் தனி வழி போடும் விபிஎன் செய்வதும், 2024இல் வந்த ராஸ்பெரி பை கனெக்ட் என்ற சேவை செய்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

பொது முகவரியே கிடைத்தாலும் வி.என்.சி.யின் நுழைவாசலான 5900ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து விடாதீர்கள். பழைய முறையில் பாஸ்வேர்டின் முதல் 8 எழுத்துகள்தான் கணக்கு. பாஸ்வேர்டு கட்டம் முடிந்த பிறகு திரையும் தட்டச்சும் மறைப்பில்லாமலே போகும். எல்லாவற்றையும் மறைத்தே அனுப்பும் எஸ்.எஸ்.எச். வழியாக ஒரு சுரங்கம் போட்டு அதற்குள் அனுப்பினால் இரண்டு குறையும் தீரும்.